‘பசிச்சா தானா தின்னும்’ என்றார்கள்: சாப்பிட மறுத்த பூனைக்குட்டியோடு ஒரு வாரம்

பூனைக்குட்டி சாப்பிடவில்லை என்று யாரிடம் போய் நின்றாலும் முதலில் வரும் பதில், “பசிச்சா தானா தின்னும், விடு.” எனக்கும் இதைத்தான் சொன்னார்கள். குட்டியைக் கொடுத்தவர் சொன்னார், கீழ்வீட்டுப் பாட்டி சொன்னார், அலுவலகத்தில் நாய் வளர்க்கும் அண்ணன் சொன்னார், பாலக்கோட்டிலிருந்து போனில் அம்மாவும் சொன்னார். வளர்ந்த தெருநாய்க்கு இது சரியாக இருக்கலாம். ஐந்தாறு வாரக் குட்டிக்குப் பொருந்தவே பொருந்தாது. அதன் உடம்பில் சேமிப்பு என்று ஒன்றும் கிடையாது. அரை நாள் வயிறு காலியாகக் கிடந்தாலே ரத்தத்தில் சர்க்கரை இறங்க ஆரம்பிக்கும். இறங்கினால் சோர்வு, சோர்ந்தால் பசியே தெரியாது. அப்புறம் எங்கிருந்து தானாகத் தின்னும்? இதை யாராவது முதல் நாளே எனக்குச் சொல்லியிருந்தால் பாதிப் பணமும் பல ராத்திரித் தூக்கமும் மிஞ்சியிருக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் கிருஷ்ணகிரியில் மாடி போர்ஷன் ஒன்றில் தனியாக இருக்கிறேன். மார்கழிக் குளிரில் ராயக்கோட்டை தக்காளி மண்டிக்கு ஒரு வேலையாகப் போனபோது, அடுக்கி வைத்த கிரேட்டுகளுக்கு நடுவே செவலை நிறத்தில் ஒரு குட்டி சுற்றிக்கொண்டிருந்தது. தாய்ப் பூனை லாரிச் சக்கரத்தில் மாட்டிப் போய்விட்டதாம். மண்டியில் கணக்கு எழுதும் அண்ணன், “ரெண்டு மாசக் குட்டிம்மா, எல்லாம் சாப்பிடும், எடுத்துட்டுப் போ” என்றார். காய்கறிக் கூடையில் வைத்து, மேலே இன்னொரு கூடையைக் கவிழ்த்து நாடாவால் கட்டி, பஸ்ஸில் கொண்டுவந்தேன். தக்காளி என்று பெயரும் வைத்தாயிற்று.

வீட்டுக்கு வந்ததும் கூடையைத் திறந்தேன். அது நேராகச் சமையலறை மேடைக்குக் கீழே ஓடி கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் புகுந்துகொண்டது. வரும் வழியில் வாங்கிய குட்டிப் பூனை உலர்தீனியைக் கிண்ணத்தில் போட்டு வைத்தேன். முந்நூற்றுச் சொச்சம் ரூபாய் பாக்கெட். தொடவில்லை. பால் வைத்தேன், நாக்கை ஒரு தரம் நனைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. ராத்திரி முழுக்க சிலிண்டருக்குப் பின்னாலிருந்து கத்தல். விடியற்காலையில் கத்தலும் நின்றுவிட்டது. பழகிவிட்டது போல என்று எனக்குக்கூடக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. குட்டி விஷயத்தில் சத்தம் இருக்கும்வரை தெம்பு இருக்கிறது என்று அர்த்தம். சாப்பிடாத குட்டி திடீரென்று அமைதியானால்தான் கவலைப்பட வேண்டும்.

புது வீட்டுக்கு வந்த குட்டிக்கு முழு வீட்டையும் திறந்துவிடக் கூடாது என்பதைப் பிற்பாடு கால்நடை மருத்துவர் சொல்லித்தான் கேட்டேன். ஒரே ஒரு சின்ன அறை போதும். ஒரு அட்டைப்பெட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து, உள்ளே பழைய துணி போட்டு, அது ஒளிந்துகொள்ள நாமே ஒரு இடம் கொடுத்துவிட வேண்டும். சாப்பாட்டுத் தட்டு ஒரு மூலையில், மணல் தட்டு எதிர் மூலையில். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பூனை சாப்பாட்டையே ஒதுக்கிவிடும். கிண்ணத்தைவிட டீ சாசர் மாதிரித் தட்டையானது நல்லது. குட்டியை எங்கிருந்து எடுக்கிறீர்களோ அங்கே அது படுத்திருந்த சாக்குத் துண்டையோ துணியையோ கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே என்ன தின்றது என்பதையும் கேளுங்கள். மண்டிக்குப் போன் போட்டுக் கேட்டபோதுதான் தெரிந்தது, லோடு இறக்குகிறவர்கள் டீக்கடைப் பாலும், பரோட்டாக் கடையில் மிஞ்சிய கோழித் துண்டும் போட்டிருக்கிறார்கள். உலர்தீனியை அது வாழ்நாளில் பார்த்ததே இல்லை. அதற்கு அது சின்னக் கல்.

மறுநாள் மளிகைக்கடையில் கூட்டமில்லாத நேரம் பார்த்து எலக்ட்ரானிக் தராசில் நிறுத்தேன். கடைக்கார அண்ணன் சிரித்துக்கொண்டே தட்டில் செய்தித்தாள் விரித்துக் கொடுத்தார். 390 கிராம். அடுத்த நாள் அதே தராசில் 370. இருபது கிராம்தானே என்று தோன்றும். ஆனால் அந்த வயதுக் குட்டி தினமும் பத்துப் பதினைந்து கிராம் ஏற வேண்டும், இறங்கவே கூடாது. மாதத்துக்குச் சுமார் 450 கிராம் என்பது தோராயக் கணக்கு. இரண்டு மாதக் குட்டி என்றால் ஒரு கிலோவுக்கு அருகில் இருக்க வேண்டும். அப்படிப் பார்த்தாலே மண்டி அண்ணன் சொன்ன வயசு தப்பு. கண்ணும் இன்னும் நீலமாகவே இருந்தது. குட்டிகளின் கண் நிறம் மாற ஆரம்பிப்பது ஆறு, ஏழு வாரத்தில். நாலு வாரத்தில்தான் திட உணவைப் பழக்கவே தொடங்குவார்கள், எட்டு வாரத்தில்தான் தாய்ப்பால் முழுசாக மறக்கும். என் கையில் இருந்தது பால்குடி மறக்காத குட்டி. அதைச் சாப்பிட மறுக்கிறது என்று சொல்வதே நியாயமில்லை. சாப்பிடக் கற்றுக்கொள்ளவே இல்லை.

பாட்டி மேலே வந்து பார்த்துவிட்டு, “ஏங்கண்ணு, களி உருண்டைய மோர்ல கரைச்சு வையி. எங்க ஊட்டுப் பூனைங்க எல்லாம் அதுலதான் வளந்துச்சுங்க” என்றார். பாட்டி பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பூனைகள் கேழ்வரகு கொட்டி வைத்த குதிருக்குப் பக்கத்திலேயே சுற்றிச் சுற்றி எலி பிடித்துத் தின்றவை. களி அவற்றுக்குத் தொட்டுக்கொள்ள. பூனைக்கு டாரின் என்று ஒரு சத்து கண்டிப்பாக வேண்டும், அது இறைச்சியிலும் மீனிலும்தான் இருக்கிறது. குறைந்தால் கண்ணும் இதயமும் கெடும். மாடியில் அடைத்து வளர்க்கும் குட்டிக்கு எலி எங்கே? அதனால் பால்சோறு, தயிர்சோறு, களி எதுவும் தனிச் சாப்பாடாக ஆகாது. மாட்டுப்பாலோ வயிற்றைக் கழித்துவிடும். ஏற்கெனவே சோர்ந்த குட்டிக்குப் பேதியும் சேர்ந்தால் அவ்வளவுதான். செரிலாக் கொடு என்றும் ஒருவர் சொன்னார். அதுவும் தானியமும் பால்பொடியும்தான். குழம்பு, சால்னா ஊற்றிய சோறு வேண்டவே வேண்டாம். வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்த அணுக்களை உடைக்கும்.

அன்றைக்குச் சாயங்காலம் கண்ணோரம் பீளை கட்டி, மூக்குத் துவாரம் இரண்டும் காய்ந்து அடைத்திருந்தது. ஒரு தனியார் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பெயர்ப்பலகையில் நாயும் பூனையும் சிரித்துக்கொண்டிருந்தன. உள்ளே இருந்தவர் கூடையைத் திறந்து பார்த்ததே அரை நிமிடம். ஒரு ஊசி, ஒரு சத்து டானிக், “பால் குடுங்க, சரியாயிடும்.” ஊசி, டானிக், பீஸ் எல்லாம் சேர்த்து எண்ணூறு ரூபாய். மூக்கைப் பார்க்கவில்லை, வாயைத் திறக்கவில்லை, எடை கேட்கவில்லை. வெளியே வந்து ஆட்டோவில் உட்கார்ந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு பூனைக்காக நடுரோட்டில் அழுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. மருத்துவரிடம் போகும்போது நீங்களே மூன்று விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்: நேற்றைய எடை இன்றைய எடை, கடைசியாகச் சாப்பிட்ட நேரம், கடைசியாக மலம் போன நேரம். அதன்பிறகும் குட்டியைத் தொட்டுப் பார்க்காதவர் என்றால் பணம் கொடுக்கும் முன்பே எழுந்து வந்துவிடலாம்.

வழியில் மெடிக்கலில் விசாரித்தேன். கடைப் பையன், “காய்ச்சலா இருக்கும்க்கா, குழந்தைங்களுக்குக் குடுக்குற பாராசிட்டமால் சொட்டு மருந்து ரெண்டு சொட்டு விடுங்க” என்று எடுத்தே வைத்துவிட்டான். நான் வாங்கவில்லை. அது பூனைக்கு விஷம் என்று எப்போதோ படித்தது ஞாபகம் இருந்தது. பாராசிட்டமாலை உடைத்து வெளியேற்றும் வழி பூனையின் ஈரலில் சரியாக இல்லை. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் சக்தியை இழந்துவிடும். மனிதக் குழந்தைக்குக் கொடுக்கும் அளவே ஒரு குட்டியைக் கொல்லப் போதும். சளிக்கு விக்ஸ் தடவுவது, நீலகிரித் தைலத்தில் ஆவி பிடிப்பது, கற்பூரம் வைப்பது எல்லாம் அதே கணக்குதான். மூக்கடைப்புக்குப் பெரியவர்கள் விட்டுக்கொள்ளும் சொட்டு மருந்தும் கூடாது.

அன்று ராத்திரிதான் எனக்கு மிக மோசமான ராத்திரி. ரெண்டு மணி இருக்கும். கையில் எடுத்தால் கழுத்து தொங்குகிறது. காது நுனி, பாதம், வாய்க்குள் எல்லாமே சில்லென்று இருந்தது. அந்த நேரத்தில் கிருஷ்ணகிரியில் யாரைக் கூப்பிடுவது? சேலத்தில் படித்துக்கொண்டிருக்கும், பூனை வளர்க்கும் என் தங்கை எதேச்சையாக விழித்திருந்தாள். “அக்கா, வாயில எதையும் ஊத்தாத. மொதல்ல சூடு பண்ணு” என்றாள். இந்த ஒரு வாக்கியம்தான் அதைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன். குளிர்ந்துபோன குட்டிக்குக் குடல் வேலை செய்யாது. அப்போது பால் ஊற்றினால் செரிக்காது, புரையேறி நுரையீரலுக்குப் போய்விடவும் கூடும். பூனையின் இயல்பான உடல்சூடே 100.5-லிருந்து 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். நம்மைவிட அதிகம். நம் கைக்கு அது குளிர்ச்சியாகத் தெரிந்தால் நிலைமை மோசம்.

பிளாஸ்டிக் பாட்டிலில் வெந்நீர் நிரப்பி, துண்டில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வைத்தேன். சூடு அதிகமானால் நகர்ந்துகொள்ள மறுபக்கம் காலியாக இருக்க வேண்டும். நகரத் தெம்பில்லாத குட்டி என்றால் நாம்தான் அடிக்கடி தொட்டுப் பார்க்க வேண்டும். மீதி நேரம் ஸ்வெட்டருக்குள், நெஞ்சோடு. கொதிக்கும் தண்ணீரோ ஹேர் டிரையரோ வைத்து அவசரமாகச் சூடாக்கக் கூடாது. வாய்க்குள் கொஞ்சம் கதகதப்பு திரும்பியதும் சர்க்கரைத் தண்ணீரை விரல்நுனியில் தொட்டு ஈறில் தடவினேன். ஊற்றவில்லை, தடவல் மட்டும்தான். கால்மணி நேரத்துக்கு ஒருமுறை அப்படியே. நாலு மணிக்கு மேல் மெல்ல ஒரு சத்தம் கொடுத்தது. அப்பாடா என்று இருந்தது. லீவ் சொல்லி மேனேஜருக்கு மெசேஜ் போட்டேன். “பூனைக்கா?” என்று ஒரு கேள்விக்குறியோடு பதில் வந்தது. அந்த மாதச் சம்பளத்தில் அந்த நாட்கள் கழிந்தும் போயின.

காலையில் அரசு கால்நடை மருத்துவமனை. மாடு, ஆடு, சினை ஊசிக்கு வந்தவர்கள் என்று வரிசை. கூடைக்குள் என்ன, கோழியா என்று ஒருவர் கேட்டார். பூனை என்றதும் நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள். மருத்துவர் பொறுமையானவர். கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டார். உடனே இறங்காமல் மடிப்பு அப்படியே நின்றது. நீர்ச்சத்து போயிருக்கிறது என்றார். வாயைத் திறந்து, கடைவாய்ப் பற்கள் இப்போதுதான் முளைப்பதைக் காட்டி, “அஞ்சு வாரம் இருக்கும்மா, ரெண்டு மாசம்னு யார் சொன்னது?” என்றார். ஈறு வெளுத்திருக்கிறதா என்று பார்த்தார். வெளுத்திருந்தால் தெள்ளுப்பூச்சி ரத்தம் குடித்திருக்கும், அல்லது குடலில் புழு இருக்கும். இதற்கு வெளுக்கவில்லை. பூனைச் சளி என்றார். மூக்கு அடைத்த பூனை சாப்பிடாது, ஏனென்றால் பூனைக்குச் சாப்பாடு என்பது முதலில் வாசனை, ருசி அப்புறம்தான். வாசனை வராத எதையும் அது சாப்பாடாகவே கணக்கில் எடுக்காது.

சிலிண்டருக்குப் பின்னால் ஒளிந்தது பயம், உலர்தீனியைத் தொடாதது வயசு, பாலில் நாக்கை நனைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டது மூக்கடைப்பு, கழுத்து தொங்கியது குளிர். நாலும் வேறு வேறு. எல்லோரும் இதை ஒரே வியாதியாக நினைத்து ஒரே வைத்தியமாகச் சாப்பாட்டைச் சொன்னார்கள். வரிசை அதுவல்ல. சூடு முதலில், மூக்கு அடுத்து, சாப்பாடு கடைசி.

பிடரித் தோலுக்கு அடியில் கதகதப்பாக்கிய சலைன் ஏற்றினார்கள். முதுகில் கன்றுக்குட்டித் திமில் மாதிரி புடைத்து நின்றது. பயந்துவிடாதீர்கள், சில மணி நேரத்தில் உடம்பு இழுத்துக்கொள்ளும். டாக்ஸிசைக்ளின் மாத்திரையில் துளி அளவு எழுதிக் கொடுத்தார். சளிக்குக் காரணம் வைரஸ்தான், மாத்திரை அதன்மேல் சேரும் கிருமிக்கு. கூடவே ஒரு எச்சரிக்கை: இந்த மாத்திரை தொண்டையில் தங்கினால் உணவுக்குழாயைப் புண்ணாக்கும், கொடுத்த கையோடு கொஞ்சம் தண்ணீரோ உணவோ உள்ளே போக வேண்டும். பார்த்ததற்கும் சலைனுக்கும் காசு வாங்கவில்லை. மாத்திரை வெளியில் வாங்கியது நூறு ரூபாய்க்குள். முந்தின நாள் எண்ணூறு ரூபாயை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

வீட்டில் மூக்கு வேலை ஆரம்பமாயிற்று. குளியலறையில் வாளி நிறைய வெந்நீர், கதவைச் சாத்தி, குட்டியை மடியில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம். வெறும் நீராவி, எதுவும் கலக்கவில்லை. பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்துப் பீளையை ஊறவைத்துத் துடைப்பது. பிய்த்து எடுக்கக் கூடாது. கைக்குழந்தைகளுக்கு விடும் வெறும் சலைன் சொட்டில் ஒரு சொட்டு, துவாரத்துக்கு ஒன்று. தும்மித் தும்மி என் சட்டையெல்லாம் சளி. மூக்கு திறந்ததும் ஒரு சோதனை செய்தேன். வெறும் சட்டியில் நெத்திலிக் கருவாட்டை வறுத்தேன். வாசனை அறைக்குப் போனதும் பெட்டிக்குள்ளிருந்து தலை மட்டும் நிமிர்ந்தது. மூக்கு இரண்டு தரம் துடித்தது. வந்த நாளிலிருந்து அது எதையாவது கவனித்தது அதுதான் முதல் தடவை. கருவாட்டைக் கொடுக்கவில்லை, அதில் உப்பு ஜாஸ்தி. உப்பு, மஞ்சள், எதுவும் சேர்க்காமல் வேகவைத்த கோழி நெஞ்சுக்கறியை மிக்ஸியில் அந்தத் தண்ணீரோடு கூழாக அரைத்து, கை பொறுக்கும் சூட்டில் விரலில் தடவி மூக்குக்குக் கீழே காட்டினேன். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சாப்பாட்டில் வாசனையே கிளம்பாது, கட்டாயம் சூடுபடுத்துங்கள்.

நக்கியது. ஆனால் மூன்று நக்கோடு நிறுத்திவிட்டது. அது போதாது என்பதால் ஊசி கழற்றிய சிரிஞ்சுக்கு வந்தோம். இதைத் தப்பாகச் செய்தால் சாப்பாடு நுரையீரலுக்குள் போகும். குழந்தையைப் போல மல்லாத்திப் பிடிக்கக் கூடாது, நாலு காலில் வயிறு கீழே இருக்கும்படி நிற்க வேண்டும். சிரிஞ்ச் நுனி வாயின் ஓரத்தில், கோரைப்பல்லுக்குப் பின்னால். ஒரு மில்லிக்கும் குறைவாக விட்டு, அது விழுங்கும்வரை காத்திருந்து அடுத்தது. தலையை அண்ணாக்காதீர்கள். 370 கிராம் குட்டிக்கு ஒரு வேளைக்குப் பதினைந்து மில்லிக்கு மேல் வயிற்றில் இடமில்லை. நான் ஐந்தில் ஆரம்பித்து மெல்லக் கூட்டினேன். மூன்று நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை, ராத்திரியும் சேர்த்து. ஒவ்வொரு தடவையும் சிரிஞ்சுக்கு முன்னால் தட்டை நீட்டிப் பார்த்துவிடுவேன். தானாகச் சாப்பிடும் வாய்ப்பை முதலில் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் நம் கையைக் கண்டாலே ஒளிந்துகொள்ளும்.

இதில் ஒருமுறை கடித்து ரத்தம் வந்துவிட்டது. அம்மா மண்ணெண்ணெய் வை, மஞ்சள் வை என்றார். குழாயடியில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போய் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டுக்கொண்டேன், இலவசம்தான். குட்டிதானே என்று அலட்சியமாக விடாதீர்கள். தடுப்பூசி போடாத, ஊர் சுற்றிய தாயின் குட்டி அது.

பூனைக்குட்டிக்கான பால்பொடியும், ஈரத்தீனி பவுச்சும் நான் ஏறி இறங்கிய கடைகளில் இல்லை. ஓசூர் பஸ் பிடித்துப் போய் வாங்கினேன். பால்பொடி டப்பா ஆயிரத்துக்கு மேல். வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, பவுச்சை அதில் மசித்துக் கொடுத்தபோதுதான் தட்டில் முகத்தைப் புதைத்துச் சாப்பிட்டது. மீசை, நெற்றி எல்லாம் தீனி அப்பிக்கொண்டு நிமிர்ந்தது. கோழி மட்டும் கொடுத்து வளர்க்கலாமே என்று கேட்கிறவர்களுக்கு: வெறும் கறியில் சுண்ணாம்புச் சத்து போதாது, வளரும் எலும்பு வளைந்துபோகும். கோழியை வாய் திறக்க வைக்கப் பயன்படுத்திக்கொண்டு, குட்டிகளுக்கென்று போட்ட முழுத்தீனிக்கு மெதுவாக மாற்றிவிட வேண்டும். முதல் நாள் வாங்கிய அந்த உலர்தீனியும் வீணாகவில்லை. வெந்நீரில் ஊறவைத்து, மசித்து, பவுச்சோடு கலந்து, வாரா வாரம் தண்ணீரைக் குறைத்துக்கொண்டே வந்தேன். இப்போது மொறுமொறுவென்று கடிக்கிறது.

மொத்தச் செலவு, ஆட்டோ, பஸ், கழிந்த சம்பளம் எல்லாம் சேர்த்து ஐயாயிரத்தைத் தாண்டியது. குட்டி எடுக்கப் போகிறவர்கள் அதைக் கொண்டுவரும் முன்பே ஒரு பால்பொடி டப்பா, சில பவுச், சலைன் சொட்டு, இரண்டு சிரிஞ்ச், சமையல் தராசு வாங்கி வையுங்கள். பக்கத்தில் பூனை பார்க்கும் மருத்துவர் யார், எத்தனை மணிவரை இருப்பார் என்றும் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். நம்ம ஊரில் ராத்திரி ரெண்டு மணிக்கு ஒன்றும் கிடைக்காது. ஆறு வாரத்துக்குக் குறைந்த குட்டி பன்னிரண்டு மணி நேரம், அதற்கு மூத்தது ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை என்றால் மறுநாளுக்குத் தள்ளாமல் காட்டிவிடுங்கள். வாந்தியும் பேதியும் சேர்ந்தால் அந்த நேரத்தையும் பார்க்காதீர்கள், அது பார்வோ வகைக் குடல் காய்ச்சலாக இருக்கலாம், குட்டிகளை வேகமாகக் கொண்டுபோய்விடும். வளர்ந்த பூனையும் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் ஈரலில் கொழுப்பு சேர்ந்து படுத்துவிடும்.

தக்காளி போன வாரம் ஒரு கிலோவைத் தொட்டது. அதே மளிகைக்கடைத் தராசுதான், அண்ணன் இப்போது செய்தித்தாளை விரித்தே வைத்திருக்கிறார். சளி முழுக்க ஆறியபின் குடற்புழு மருந்து கொடுத்தோம், இரண்டு வாரம் கழித்து இன்னொரு தரம். சளியையும் அந்தக் குடல் காய்ச்சலையும் தடுக்கும் முத்தடுப்பூசி முதல் ஊசி ஆயிற்று. மூன்று நாலு வார இடைவெளியில் பதினாறு வாரம்வரை போட வேண்டும். வெறிநோய் ஊசி பன்னிரண்டு வாரத்தில்.